மே மாதம் கிரீஸில் பாய்மரப் படகு, ஸ்கிப்பர் (படகை நடத்துபவர்) நானே: முதல்முறை போகிறவனுக்கு என்ன சொல்வீர்கள்?

கேத்தரின்அருவி (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வழக்கமாகக் காட்டெருமையும் பச்சைத் தேயிலை விலையும் மேட்டுப்பாளையம் ரோட்டு மண்சரிவும்தான் ஓடும். இருந்தாலும் மலையில் குடியிருக்கும் கடல்காரர்கள் சிலர் இந்தக் குழுவில் உண்டு என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் துறைமுகத்துக்குள்ளே டிங்கி என்கிற சின்னப் படகு ஓட்டப் பழகினேன். போன வருடம் ஃபூக்கெட்டில் டே ஸ்கிப்பர் (பகலில் படகை நடத்தும் தகுதி) செய்முறைப் பயிற்சி முடித்துச் சான்றிதழும் கையில் இருக்கிறது. வரும் மே மாதம் ஏதென்ஸ் பக்கத்து அலிமோஸ் மரீனாவிலிருந்து 40 அடிப் படகு, ஒரு வாரம், ஓட்ட ஆள் இல்லாமல் படகு மட்டும் வாடகைக்கு. நான், மனைவி, அக்கா, அத்தான், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர். மனைவிக்குக் கயிறு பிடிக்கத் தெரியும். மற்றவர்கள் ஊட்டி ஏரியில் பெடல் மிதித்ததோடு சரி.

திட்டம்: ஏஜினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ், அப்படியே கிழக்கே கித்னோஸ் தொட்டுத் திரும்புவது. பேராசையா? கூலிக்கு ஒரு ஸ்கிப்பர் எடுப்பது நல்லதா? படகை ஒப்புக்கொள்ளும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பண்ணைக்காடு_மாலுமி

பேராசைதான் தம்பி. கோபித்துக்கொள்ளாமல் கணக்கைப் பாருங்கள்.

ஒரு வாரம் என்று பணம் வாங்குவார்கள். சனிக்கிழமை மாலை 5 மணிவாக்கில் படகு கைக்கு வரும், வெள்ளி மாலை திரும்பக் கொண்டுவந்து கட்ட வேண்டும், சனி காலை பெட்டியோடு இறங்க வேண்டும். சாமான் ஏற்றி, விளக்கம் கேட்டு முடிக்கும்போது இருட்டிவிடும். ஆக ஓட்டக் கிடைப்பது ஞாயிறு முதல் வெள்ளி வரை. 40 அடிப் படகின் சராசரி வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்). அலிமோஸிலிருந்து ஏஜினாவுக்கே மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் போட்ட பட்டியலில் தினமும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கவே முடியாது.

கித்னோஸைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது சிக்லாடிஸ் தீவுக்கூட்டம், திறந்த கடல். மெல்டெமி என்கிற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம், போஃபோர்ட் என்கிற காற்று வேக அளவுகோலில் 5 முதல் 7 வரை நாள்கணக்கில் அடிக்கும். மே மாதத்தில் அவ்வளவு இராது, ஆனால் அந்தப் பக்கம் போய் ஒரு நாள் காற்று மாட்டிக்கொண்டால் திரும்பி வருவது முழுக்க எதிர்காற்றில். ஸ்பெட்சஸும் இந்தத் தடவை வேண்டாம். சரோனிக் வளைகுடாவுக்குள்ளேயே ஏஜினா, பெர்டிகா, பழைய எபிடவ்ரோஸ், போரோஸ் போதும். ஒரு நாளைக்கு 15 கடல் மைல், மிஞ்சினால் 20.

இன்னொன்று: மதியம் 2 மணிக்குள் அடுத்த துறைக்குள் இருங்கள். 4 மணிக்கு மேல் போனால் கரையோரம் இடம் இருக்காது, கடற்காற்றும் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். புது ஸ்கிப்பருக்கு இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பது கஷ்டம்.

லவ்டேல்77

குடும்பத்தோடு போகிறீர்கள், பேசாமல் ஸ்கிப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஏறக்குறைய 200 யூரோ, சாப்பாடு நம் செலவு. நிம்மதிக்கு அது அதிகமில்லை.

முத்துநகர்_மருமகள் (குன்னூர்)

வாரம் முழுக்க ஸ்கிப்பர் எடுத்தால் தம்பி எப்போதுதான் கற்றுக்கொள்வது? நான் சொல்வது நடுவழி. முதல் இரண்டு நாளைக்கு மட்டும் ஆள் எடுங்கள். அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "சுக்கான் என் கையில், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்." ஏஜினாவிலோ போரோஸிலோ இறங்கி அவர் ஃபெர்ரி பிடித்து ஏதென்ஸ் போய்விடுவார். அவர் படுக்க இடம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள், ஆறு பேரோடு ஏழாவது ஆள். பயணத்துக்கு முன்பே நிறுவனத்திடம் பேசி வையுங்கள்.

அந்த இரண்டு நாளில் பாய் ஏற்றிக் காட்டச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது உங்களுக்குத் தெரியும். படகைப் பின்பக்கமாகக் கரையில் கட்டுவதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஃபூக்கெட்டில் பயிற்சி எடுத்தவர்கள் பெரும்பாலும் நங்கூரம் போட்டும் மிதவையில் கட்டியும் பழகியிருப்பார்கள். கிரீஸில் சின்னத் துறைகளில் அணியத்தில் (படகின் முன்முனையில்) நங்கூரத்தை விட்டு, பின்னால் வந்து, பின்பக்கக் கயிறு இரண்டைக் கரையில் கட்ட வேண்டும். கல்லட்டி வளைவில் லோடு லாரியை ரிவர்ஸ் எடுக்கிற கதைதான், கூடவே ரோடும் நகரும்.

எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவில்:

துறைக்கு வெளியே நிற்கும்போதே ஃபெண்டர்களை (பக்கவாட்டில் மோதாமல் தாங்கும் மெத்தைகளை) கட்டி, பின்கயிறுகளைச் சுருட்டித் தயாராக வைத்துவிடுங்கள். உள்ளே போன பிறகு கயிறு தேடக்கூடாது. நுழைய வேண்டிய இடைவெளியைத் தேர்ந்து, இரண்டு பக்கத்துப் படகுகளின் சங்கிலியும் தண்ணீருக்குள் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். கரையிலிருந்து மூன்று, நான்கு படகு நீளத்துக்கு அப்பால், இடைவெளிக்கு நேர் எதிரே நங்கூரத்தை விடுங்கள். பக்கக்காற்று இருந்தால் காற்று வரும் பக்கம் கொஞ்சம் தள்ளி.

ரிவர்ஸில் போதிய வேகம் வரும்வரை சுக்கான் கேட்காது. 2 நாட்டாவது வேண்டும். புது ஆட்கள் பயந்து மெதுவாகப் போவார்கள், காற்று அணியத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அணியத்தில் நிற்பவர் சங்கிலியைத் தடையில்லாமல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பிடித்தால் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு கூடவே வரும். கரை நெருங்கியதும் காற்று வரும் பக்கத்துக் கயிறுதான் முதலில். அது கட்டியாயிற்று என்றால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் சங்கிலியை இழுத்து இறுக்குவது. கடைசியில் ரிவர்ஸில் கொஞ்சம் வேகம் கொடுத்துப் பாருங்கள், படகு கரையை நோக்கி வந்தால் நங்கூரம் பிடிக்கவில்லை. வெட்கப்படாமல் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி போடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போடுவதைவிட அது மேல்.

கேத்தரின்அருவி

அக்கா, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. ஒரு சந்தேகம். பயிற்சிப் படகில் ரிவர்ஸ் போட்டதும் பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவியது. எல்லாப் படகிலும் அப்படியா? சுக்கானில் யார் நிற்பது, நானா மனைவியா?

முத்துநகர்_மருமகள்

ப்ரொப்பெல்லர் சுழற்சியால் வருவது அது. பெரும்பாலான படகுகளில் ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் இடதுபக்கம் இழுக்கும். சில படகுகளில் மிகக் குறைவாக இருக்கும், சிலதில் வலதுபக்கம்கூடப் போகும். மரீனாவில் கட்டியிருக்கும்போதே ரிவர்ஸில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் கலங்கி வெளியே வருகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் பின்பக்கம் போகும். தெரிந்துகொண்டால் அதையே சாதகமாக்கலாம்.

சுக்கானை மனைவியிடம் கொடுங்கள் என்பது என் கருத்து. கயிறு வீசுவது, சங்கிலி கவனிப்பது இதற்கெல்லாம் கைபலம் வேண்டும், சுக்கானுக்கு நிதானம் போதும். ஆனால் அவரும் அந்த இரண்டு நாளில் உங்களளவு பழகியிருக்க வேண்டும். கை ஜாடைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: சங்கிலி விடு, நிறுத்து, இன்னும் இத்தனை மீட்டர். அணியத்திலிருந்து கத்தினால் எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கரையில் காபி குடிப்பவர்களுக்குத்தான் பொழுதுபோக்கு.

வட்டக்கானல்_பனிமூட்டம்

காற்று ஏன் அப்படி அடிக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. மலைக்காரர்களுக்கு எளிதில் புரியும் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மதியமானால் சமவெளிச் சூட்டில் காற்று சரிவேறி வரும், மேகமும் கூடவே. சூரியன் இறங்கியதும் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் வடியும். தீவுகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. நிலம் சூடேறியதும் நண்பகல் தொடங்கிக் கடலிலிருந்து காற்று வரும், 3, 4 மணிக்கு உச்சம், பொழுது சாய்ந்தால் அடங்கும். இரவில் உயரமான தீவுகளின் சரிவிலிருந்து காற்று கடலுக்கு இறங்கும். மாலையில் அசையாத குளம் என்று நினைத்து நங்கூரம் போட்ட வளைகுடாவில் நடு இரவில் படகு மறுபக்கம் திரும்பி நிற்பது இதனால்தான். சுற்றிலும் ஒரு முழுவட்டம் திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று பலத்த காற்று நாளில். காற்று மலையைத் தாண்டி வரும்போது மறைவுப் பக்கத்தில் அமைதியாக இருக்கும் என்று எண்ணி நெருங்கிப் போவார்கள். நெருக்கமாகப் போனால் அங்கேதான் மேலிருந்து பொத்தென்று விழும். போரோஸுக்குப் போகும் வழியில் மெத்தனா தீபகற்பம் இருக்கிறது, எரிமலைகள் குவிந்து உருவானது, 700 மீட்டருக்கு மேல் உயரம். அதன் அடிவாரத்தைக் கடக்கும்போது தண்ணீரின் மேல்பரப்பைப் பாருங்கள். சிலுசிலுவென்று கறுத்த திட்டு ஒன்று உங்களை நோக்கி ஓடி வந்தால் பெரிய பாயின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், வந்ததும் தளர்த்த வேண்டும்.

லவ்டேல்77

அப்படியென்றால் கொடைக்கானல் ஏரியில் பழகினாலே போதும்போல.

வட்டக்கானல்_பனிமூட்டம்

கிண்டல் புரிகிறது சார். லெவிஞ்ச் துரை 1863-ல் அணை கட்டித் தேக்கிய ஏரி, நட்சத்திர வடிவம், சுற்றிலும் மரம். காற்று நிமிடத்துக்கு ஒரு திசையில் வரும், சின்னப் பாய்ப் படகில் அதைப் பிடித்து ஓட்டிப் பழகினால் கை சுத்தமாகும் என்பது உண்மை. ஆனால் அலை, ஆழம், சங்கிலி, ஃபெர்ரி எதுவும் அங்கே இல்லை.

பண்ணைக்காடு_மாலுமி

ஃபெர்ரி என்றதும் ஞாபகம் வந்தது. ஏஜினா, போரோஸ், ஹைட்ரா வழித்தடத்தில் ஹைட்ரோஃபாயில்கள் (தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும் வேகப் படகுகள்) 30 நாட்டுக்கு மேல் வரும். தொடுவானத்தில் புள்ளியாகத் தெரிந்தது சில நிமிடங்களில் பக்கத்தில் நிற்கும். "பாய்க்கு முன்னுரிமை" என்று புத்தகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு அதன் குறுக்கே போகாதீர்கள். சீக்கிரமே, அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்படி, திசையை மாற்றுங்கள். வி.எச்.எஃப் ரேடியோ எப்போதும் 16-ஆம் சேனலில் திறந்திருக்கட்டும். கரையிலிருந்து அவசரத்துக்கு 112.

ரீஃப் (பாயைச் சுருக்கிக் கட்டுவது) பற்றி: போடலாமா என்று மனசில் ஓடும்போதே போட்டுவிடுங்கள். வாடகைப் படகுகளின் பாய்கள் பல வருடம் உழைத்துத் தொய்ந்தவை, 15 நாட்டிலேயே முதல் ரீஃப் போட்டால் படகும் நேராக நிற்கும், அக்காவின் முகமும் நேராக இருக்கும். பின்காற்றில் ஏமாறுவார்கள். 16 நாட் காற்று பின்னாலிருந்து, படகு 6 நாட்டில் ஓடினால் முகத்தில் 10 நாட்தான் தெரியும், சுகமாக இருக்கும். எதிர்காற்றுக்குத் திருப்பினால் அதே காற்று 20-க்கு மேல். திருப்புவதற்கு முன்பே பாயைக் குறைத்துவிடுங்கள்.

பின்காற்றில் பூம் (பெரிய பாயின் அடியில் இருக்கும் கட்டை) ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அடிக்கும். அத்தானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், போட்டோ எடுக்க எழுந்து நிற்கக்கூடாது. வின்ச்சில் (கயிற்றை இறுக்கும் உருளையில்) கயிறு சுற்றும்போது விரலை மேலே வைக்கக்கூடாது.

சிம்ஸ்பார்க்_ராமு

காகிதமும் காசும் என் பக்கம்.

கிரீஸில் ஸ்கிப்பரின் சான்றிதழ் கேட்பார்கள், கூடவே படகு தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். அவருக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். டே ஸ்கிப்பர் மட்டும் போதுமா, ஐ.சி.சி என்கிற சர்வதேசச் சான்றிதழ் வேண்டுமா என்பதை முன்பணம் கட்டும் முன்பே ஸ்கேன் அனுப்பிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் "நோ ப்ராப்ளம்" என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். துறைமுக அதிகாரியிடம் காட்ட வேண்டியது நீங்கள்தான். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

டெபாசிட் இந்த அளவுப் படகுக்கு 2000 முதல் 4000 யூரோ வரை கார்டில் பிடித்து வைப்பார்கள். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே ஆப்பில் திறந்துவிட வேண்டும், வரம்பையும் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை மாலை மரீனாவில் நின்றுகொண்டு வங்கிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் பிடித்து வைக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். டெபாசிட்டுக்குத் தனி இன்சூரன்ஸ் கிடைக்கிறது, போடுங்கள். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், ஏற்கெனவே இருந்த கீறலுக்கு எங்கள் கணக்கில் நூற்றுக்கணக்கான யூரோ எழுதியது. நாங்கள் ஏறுமுன் எடுத்த படத்தில் அதே கீறல் தேதியோடு இருந்ததால்தான் விட்டார்கள். பக்கவாட்டு, சுக்கான் சக்கரம், பின்பக்க மூலைகள், டிங்கியின் அடிப்பாகம், டிங்கி எஞ்சினின் ப்ரொப்பெல்லர் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள்.

ஒப்புக்கொள்ளும்போது படகைக் காட்ட வரும் நிறுவனத்துப் பையன் வேகமாகப் பேசிக்கொண்டே போவான், அவனுக்கு அன்று இன்னும் பல படகு இருக்கும். நிறுத்தி, கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக எஞ்சின். மூடியைத் திறந்து எண்ணெய்க் குச்சி எங்கே, கடல்நீர் வடிகட்டி எங்கே, அதன் வால்வு எங்கே என்று பாருங்கள். வடிகட்டியின் மூடி கண்ணாடி மாதிரித் தெரியும், உள்ளே பாசியோ பிளாஸ்டிக் துணுக்கோ அடைத்தால் எஞ்சின் சூடேறி அலறும். வால்வை மூடி, மூடியைத் திருகி எடுத்து, கூடையைக் கழுவி, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து மூட வேண்டும், அப்புறம் வால்வைத் திறக்க மறக்கக்கூடாது. ஒருமுறை அங்கேயே நீங்கள் செய்து பாருங்கள். தினமும் ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டிப் பார்த்து, புகைபோக்கியில் தண்ணீர் துப்புகிறதா என்று கவனியுங்கள். எஞ்சினை நிறுத்தும்போது முதலில் ஸ்டாப் பட்டனோ இழுப்பானோ, அது அடங்கிய பிறகுதான் சாவி. ஓடும்போதே சாவியைத் திருப்பினால் ஆல்டர்னேட்டர் போக வாய்ப்புண்டு.

நங்கூரத்தை ஏற்றி இறக்கும் மோட்டாரின் பிரேக்கர் எந்த அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். துறைக்குள் எல்லோரும் பார்க்கிற நேரத்தில்தான் அது விழும்.

கேத்தரின்அருவி

என் அக்காவுக்குக் குஞ்சப்பனை மலைப்பாதை இறங்குவதற்குள் தலை சுற்றிவிடும். கடலில் எப்படி?

முத்துநகர்_மருமகள்

அவோமின் (வாந்தி, தலைச்சுற்றல் மாத்திரை)தான், ஆனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு. வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புமுன் போட வேண்டும். தூக்கம் வரும், அதனால் ஸ்கிப்பர் போடக்கூடாது, போட்டே ஆக வேண்டும் என்றால் ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்க்க வேண்டும். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம். கீழே அறைக்குள் படுக்கப் போனால் நிலைமை மோசமாகும், மேலே உட்கார்ந்து தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் சுக்கானைக் கொடுங்கள், பலருக்கு ஓட்ட ஆரம்பித்ததும் சரியாகிவிடுகிறது.

சமையல்: மிக்ஸி ஓடாது. கரையில் மின்சாரம் சொருகினால்தான் 230 வோல்ட், மற்ற நேரம் 12 வோல்ட் பேட்டரி. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சின்னக் குக்கர் கொண்டுபோனால் பிழைத்தீர்கள். சமைத்து முடித்ததும் கேஸ் வால்வை மூடுவது யார் என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். டாய்லெட்டில் காகிதம்கூடப் போடக்கூடாது, குழாய் சின்னது. அடைத்தால் பிரித்து எடுப்பது ஸ்கிப்பர் வேலை. அத்தானிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

லவ்டேல்77

அத்தானைப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

பண்ணைக்காடு_மாலுமி

வளைகுடாவில் தனியாக நங்கூரம் போடும் இரவுக்கு ஒரு கணக்கு. ஆழத்தோடு தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரத்தையும் சேருங்கள். 5 மீட்டர் ஆழம், 1 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் ஆறரை. அதன் ஐந்து மடங்கு, 30 மீட்டருக்கு மேல் சங்கிலி. அமைதியான பகலில் சாப்பிட நிற்பதற்கு மூன்று மடங்கு போதும். மணல் தரை வெளிர் நிறமாகத் தெரியும், அங்கே விடுங்கள். கறுப்பாகத் தெரிவது கடற்புல், நங்கூரம் அதன் மேல் வழுக்கும், புல்லுக்கும் கேடு. விட்டபிறகு ரிவர்ஸில் மெல்ல இழுத்து, பிறகு வேகம் கூட்டி, கரையில் ஒரு மரத்தையும் பின்னால் ஒரு வீட்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு கலையாமல் நின்றால் பிடித்துவிட்டது. தண்ணீர் தெளிவு, மூழ்குகண்ணாடி போட்டு நீந்திப் போய்க் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மே மாதத் தண்ணீர் ஜில்லென்றிருக்கும், கோத்தகிரிக்காரருக்கு அது ஒரு பொருட்டா?

ஹைட்ரா போயே தீருவேன் என்றால் படகை எதிர்க்கரை எர்மியோனியில் கட்டிவிட்டு ஃபெர்ரியில் போய் வாருங்கள். ஹைட்ரா துறை சின்னது, இரண்டு மூன்று வரிசையாகப் படகு நிற்கும், காலையில் கிளம்பும்போது உங்கள் நங்கூரத்தின் மேல் ஊராரின் சங்கிலி எல்லாம் கிடக்கும். அப்படி மாட்டினால் பதற வேண்டாம். நங்கூரத்தை மேலே வரை தூக்குங்கள், மாட்டிய சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றை விட்டு இரண்டு முனையையும் படகில் கட்டுங்கள், உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் அது கழன்றுவிடும், பிறகு கயிற்றின் ஒரு முனையை விடுங்கள். கையை மட்டும் சங்கிலிக்கு இடையில் கொடுக்கக்கூடாது.

கேத்தரின்அருவி

சரி, முடிவு: கித்னோஸ், ஸ்பெட்சஸ் இரண்டும் பட்டியலிலிருந்து போயின. ஞாயிறும் திங்களும் கூலி ஸ்கிப்பர், இன்று காலை நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன், சான்றிதழ் ஸ்கேனும் கூடவே. மனைவியிடம் சுக்கான் விஷயத்தைச் சொன்னேன், "அப்படியென்றால் கத்துவது யார்?" என்று கேட்கிறாள். எர்மியோனி யோசனை அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று, ஃபெர்ரி என்றால் பெரிய கப்பல், ஆடாது என்று நினைக்கிறார், நான் மறுத்துப் பேசவில்லை.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்குக் காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட் இங்கிருந்தே வாங்கிப் போகலாமா?

சிம்ஸ்பார்க்_ராமு

வேண்டாம். அதில் கேஸ் சிலிண்டர் உண்டு, விமானத்தில் முன் அனுமதி கேட்பார்கள். பிள்ளைகளின் எடையை எழுதி அனுப்புங்கள், நிறுவனமே அந்த அளவில் எடுத்து வைக்கும். சனிக்கிழமை போட்டுப் பார்த்து, கால் இடைவார் சரியாக இருக்கிறதா என்று இறுக்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். கையடக்க வி.எச்.எஃப் வைத்திருந்தால் அதன் உதிரி பேட்டரியைக் கைப்பையில் போடுங்கள், செக்-இன் பெட்டியில் லித்தியம் உதிரி போடக்கூடாது.